சட்டைக்குள் விட்ட துணி

அத்தியாயம் பதினொன்று

சேரப்பணஞ்சேரியில் கலைமணியை 'ஒட்டடைக் குச்சி' என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர்தான். ஒன்று அவன் அம்மா பாஞ்சாலி, இன்னொன்று அக்கா சசிகலா. வாராவாரம் கூடவே வரும் உங்களுக்கு இது தெரிந்த கதை. இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பையன் ஆறடி உயரம். உயரத்துக்கு ஏற்ற சதை மட்டும் இல்லை. ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்த பம்பு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய் நின்றான். வாசலில் இருந்த செக்யூரிட்டியே மேலும் கீழும் பார்த்து, "நீ உள்ள போனா ஃபேன் காத்துக்கே பறந்துடுவ தம்பி, வூட்டுக்குப் போ" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டவனைக் கையைப் பிடித்து எழுப்பி, படப்பையில் இருக்கும் தகரக் கொட்டகை ஜிம்முக்கு இழுத்துக்கொண்டு போனவன் அத்தை மகன் செந்தமிழன். சசிகலாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் அவன்தான். கலைமணிக்கு முதல் நாளே அவன் சொன்னது இது.

"தெனம் வந்து உசுர வுடாத. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வா. நாலே நாலு எக்சர்சைஸ் பண்ணு, வாராவாரம் கொஞ்சம் வெயிட்ட ஏத்து. மிச்ச நேரமெல்லாம் துன்னு, தூங்கு. உன்ன மாதிரி ஆளுங்க தூக்காம கெட்டுப்போவல, துன்னாம கெட்டுப்போனவங்க."

தின்பதென்றால் அம்மா மனசு வைக்க வேண்டும். முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகுக் களி, படுக்கும் முன் ஒரு சொம்பு பால் எல்லாவற்றுக்கும் பாஞ்சாலி ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"தராசுல ஏறக் கூடாது. எவனாச்சும் கேட்டா எளச்சிகினேதான் போறேன்னு சொல்லணும். எந்தலைல கைய வெச்சி சத்தியம் பண்ணு."

சிரிக்காதீர்கள். கலைமணி கைக்குழந்தையாக இருந்தபோது சுகாதார நிலையத்தில் எடை போட்டார்கள். "கொழுக்கு மொழுக்குன்னு இருக்கானே" என்று நர்ஸம்மா கொஞ்சினாள். அடுத்த வாரமே பிள்ளைக்கு டைபாய்டு. பிழைத்து எழுந்தானே தவிர, அன்று போன சதை திரும்பி வரவே இல்லை. அந்த நர்ஸம்மாவின் கொஞ்சலை பாஞ்சாலி இன்னும் மன்னிக்கவில்லை.

கண் பட்டுவிடும் என்று பயந்தவள் சத்தியத்தோடு நிற்கவில்லை. பிள்ளைக்கே தெரியாமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தாள். அதில் சசிகலாவும் கூட்டு.

* * *

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. 1991-க்கான புதுக் காலண்டர் சுவரில் மொடமொடப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாமலும் சசிகலா தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். தாம்பரத்து எக்ஸ்போர்ட் கம்பெனி லைனில் வாரம் முழுக்கக் காலர் தைப்பவள் அவள். ஞாயிறன்றாவது மிஷினைத் தொடுவதில்லை என்பது அவள் கொள்கை. பாஞ்சாலியிடம் கொள்கை பேசி ஜெயித்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

மடியில் இருந்தது தம்பியின் நீலக் கோடு போட்ட சட்டை. அக்குளிலிருந்து இடுப்பு வரை பழைய தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே கொடுத்து, மறுபடியும் ஓட்டினாள். இந்த எட்டு மாதத்தில் அவனுடைய எல்லாச் சட்டைக்கும் இதே வைத்தியம்தான். உடம்பு ஏற ஏறச் சட்டையும் கூடவே ஏறிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் தெரிகிற கையகலக் கண்ணாடி இருக்கும் வீட்டில், தான் ஏறியிருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"இதுக்கு மேல உள்ள துணி இல்லம்மா. இதான் கடைசி."

"கடைசின்னு சொல்லாத. கம்முனு தை."

"அவங்கிட்ட சொல்லிடலாம்மா. நேத்து சாயங்காலம் இன்னா சொன்னான் தெரியுமா? 'எட்டு மாசமா மாடு மாதிரி துன்னேன்கா, சட்டை அப்டியே தொளதொளன்னுதான் கீது. எனக்கு ஒட்டாதுக்கா. நாளைக்கு ஒண்ணும் ஆவலன்னா இத்தோட வுட்டுட்றேன்'னு சொல்றான். கண்ணுல தண்ணி நிக்குது அவனுக்கு."

பாஞ்சாலியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இட்லித் தட்டில் மாவை ஊற்றினாள்.

"இன்னிக்கு ஒரு நாள் போவட்டும். போட்டி முடிஞ்சி வரட்டும், நானே சொல்றேன்."

போட்டி ஸ்ரீபெரும்புதூரில். முதல் முறை மேடை ஏறுபவர்களுக்கான பளு தூக்கும் போட்டி. ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதலாவதாக வருகிறவனுக்கு அதே பம்பு கம்பெனியில் டிரெய்னி வேலை. கலைமணியைச் சிரித்து அனுப்பினார்களே, அதே கம்பெனி. அறுபது கிலோ பிரிவில் கலைமணியின் பேரும், அறுபத்தேழரைப் பிரிவில் தன் பேரும் கொடுத்திருந்தான் செந்தமிழன். ஆளுக்கு ஒரு பிரிவு, ஆளுக்கு ஒரு வேலை. அவன் கணக்கில் தவறே இல்லை. "சட்டை லூசாத்தான் கீது மாமா" என்று கலைமணி சொன்னதை நம்பியது ஒன்றுதான் தவறு.

செந்தமிழனின் அம்மா மரகதமும் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். மகனுக்கு வேலை கிடைத்த அன்றே நிச்சயத் தட்டு, கிடைக்கும்வரை பேச்சில்லை.

* * *

கலைமணி, செந்தமிழன், சசிகலா மூவரும் ஒரகடம் கூட்ரோட்டில் பஸ் மாறினார்கள். வழியெல்லாம் கலைமணி வாழைப்பழம் தின்றுகொண்டே வந்தான். அம்மா கட்டிக் கொடுத்த சீப்பு. செந்தமிழன் நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அளந்துதான் குடித்திருந்தான். அவன் எடை சரியாக விளிம்பில் நின்றது.

"உனக்கு இன்னாடா, கவலையே இல்ல. நானு எச்சி முழுங்கறதுக்கே யோசிக்கறேன்" என்றான்.

"எங்கிட்ட கொஞ்சம் வெயிட்ட குடுத்துடு மாமா" என்றான் கலைமணி. மூன்று பேரும் சிரித்தார்கள். சசிகலா மட்டும் சீக்கிரம் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பள்ளிக்கூட ஹாலில் போட்டி. பக்கத்து வகுப்பறையில் எடை பார்த்தார்கள். ரைஸ் மில்லிலிருந்து கொண்டுவந்த பெரிய மேடைத் தராசு. அதைக் கண்டதும் கலைமணியின் கால் பின்னால் வந்தது.

"அம்மா தலைல சத்தியம் பண்ணிகீறேன் மாமா."

"சத்தியம் ஊர்த் தராசுக்குடா. போட்டித் தராசுக்கு இல்ல."

"போடா, ஏறு. அம்மாவ நான் பாத்துக்கறேன்" என்றாள் சசிகலா. வாசலோடு நின்றுகொண்டாள்.

சட்டை பேன்ட்டைக் கழற்றிவிட்டு ஏறினான். எடை பார்ப்பவர் தராசுக் கம்பியில் குண்டை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார்.

"அறுபத்தி மூணரை. இந்தப் பிரிவு இல்லியேப்பா நீ."

"இது நெல்லு தராசு சார். சரியா இருக்காது."

"காலைலேருந்து எல்லாருக்கும் சரியா இருக்கு, உனக்கு மட்டும் தப்பா?"

இறங்கி மறுபடி ஏறினான். அறுபத்து மூன்றரைதான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, எடை கூடிப்போனதற்காக ஒரு கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது.

கலைமணிக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சில் கிடந்த சட்டையை எடுத்தான். அவசரத்தில் கழற்றியதில் உள்பக்கம் வெளியே வந்திருந்தது. பக்கத் தையலை ஒட்டி ஊசித் துளைகள் ஒரு வரி ஓடின. அதற்கு உள்ளே இன்னொரு வரி, அதற்கும் உள்ளே மூன்றாவது வரி. கடைசியாகப் போட்ட தையல் மட்டும் புது நூலில் பளிச்சென்று இருந்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த வரி பழைய ஒட்டடைக் குச்சி நின்ற இடம். அங்கிருந்து மூன்று விரல் தாண்டி வந்திருக்கிறான்.

சட்டையை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"இன்னாக்கா இது?"

சசிகலாவுக்குப் பொய் சொல்ல வராது. முகமே சொல்லிவிடும்.

"கண்ணு பட்டுடும்னு அம்மா பயந்துச்சிடா. உனக்குத் தெரிஞ்சா நீயே வெளிய சொல்லிடுவன்னு…"

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமா."

அவனுக்குக் கோபம் வரும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. எத்தனை நாள் படுக்கையில் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்து மனம் தளர்ந்திருப்பான்! அத்தனையும் வீண்.

அதற்குள் விஷயம் தெரிந்து செந்தமிழன் ஓடி வந்தான். எடை பார்ப்பவர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் அறுபதில் நிற்கலாம். இல்லாவிட்டால் மத்தியானம் அறுபத்தேழரையில் தூக்கலாம்.

"ரெண்டு பனியன் மேல பனியன் போட்டுகினு கிரவுண்ட சுத்து. வேர்த்து ஊத்தட்டும். ஜல்தி!"

"மூணரை கிலோ மாமா. ஒரு மணி நேரத்துல போவாது."

"போற வரைக்கும் ஓடு. இல்லன்னா இன்னா பண்ணப் போற?"

கலைமணி சட்டையைத் திருப்பி நேராக்கினான். பட்டனை மெதுவாகப் போட்டுக்கொண்டான்.

"கஷ்டப்பட்டு ஏத்துனதுல ஒரு கிராம்கூட எறக்க மாட்டேன். அறுபத்தேழரைல நிக்கறேன்."

"அது என் பிரிவுடா."

"தெரியும் மாமா."

ஒரு பிரிவுக்கு ஒரே வேலை. செந்தமிழன் சசிகலாவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் தம்பி ஓடுவான். அவளுக்கும் அது தெரியும். மரகதம் அத்தையின் தட்டு, பங்குனியில் கல்யாணம், தாம்பரம் பஸ்ஸில் தொங்காமல் கழிகிற ஒரு வாழ்க்கை என்று எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

"நல்லா தூக்குடா" என்றாள் தம்பியிடம். பிறகு திரும்பி, "நீங்களும்தான்" என்றாள்.

* * *

மத்தியானம் ஹாலில் கூட்டம் பிதுங்கியது. எடை பார்த்தபோது செந்தமிழன் அறுபத்தேழரையைத் தொட்டும் தொடாமலும் தப்பித்திருந்தான்.

உயரமானவன் பளு தூக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. குள்ளமானவனுக்கு முழங்காலிலிருந்து தலைக்கு மேல் வரை கொஞ்ச தூரம். கலைமணிக்கு அது மாடி ஏறுகிற தூரம். ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகிற ஸ்நாட்ச்சில் அது தெரிந்துவிட்டது. செந்தமிழன் இரண்டரை கிலோ முன்னால். மற்றவர்கள் எல்லாம் இவர்களுக்குப் பின்னால் எங்கேயோ.

அடுத்தது கிளீன் அண்ட் ஜெர்க். முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு அங்கிருந்து தலைக்கு மேல் தள்ள வேண்டும். இருவரும் எழுபத்தைந்தைத் தூக்கிவிட்டார்கள். கடைசி வாய்ப்புக்கு இருவருமே எழுபத்தேழரை கேட்டார்கள்.

குலுக்கிய வரிசைப்படி செந்தமிழன் முதலில் போனான். எடைக் கம்பியான பார் தோளுக்கு வந்தது. மூச்சை இழுத்துத் தள்ளினான். முழங்கை பாதி விரிந்த இடத்தில் நின்று நடுங்கியது. நேற்றெல்லாம் பட்டினி கிடந்த உடம்பு. பார் முன்னால் சரிந்து மேடையில் விழுந்தது. கூட்டம் 'ச்சே' என்றது. சசிகலாவின் கை தன்னையறியாமல் வாயைப் பொத்தியது.

கலைமணி மேடை ஏறினான்.

இவனுக்கு இட்லியும் வாழைப்பழமும் வயிற்றில் தெம்பாக இருந்தன. அதைவிடப் பெரிய தெம்பு, காலையில் தராசு சொன்ன எண். இதுவரை ஒவ்வொரு முறை பாரைப் பிடிக்கும்போதும், இந்தக் குச்சிக் கைக்கு எதற்கு இந்த வேலை என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். இன்று அது கேட்கவில்லை. முதுகை நிமிர்த்தி, காலால் தரையைத் தள்ளினான். பார் தோளில் வந்து உட்கார்ந்தது. ஒரு மூச்சு. காலை முன்னும் பின்னும் பிரித்துத் தள்ளினான். கைகள் மேலே போய்ப் பூட்டிக்கொண்டன. கொஞ்சம் ஆடினான். கால்களை ஒன்றுசேர்த்து நின்றான்.

தூக்கியது செல்லும் என்று நடுவர் கையை இறக்கினார். ஹாலே கத்தியது.

சசிகலா விரல் விட்டு எண்ணினாள். ஸ்நாட்ச்சில் இரண்டரை கிலோ பின்னால், இதில் இரண்டரை கிலோ முன்னால். இரண்டு பேரும் சமம்! பிள்ளையார் கண் திறந்துவிட்டார், வேலையை ஆளுக்குப் பாதியாவது பிரித்துத் தருவார்கள் என்று அவள் மனம் தாவியது.

நடுவர் மைக்கைத் தட்டினார்.

"மொத்தத்துல ரெண்டு பேரும் சமம். சமமா வந்தா உடல் எடை கம்மியா உள்ளவருக்குத்தான் முதலிடம். இது விதி. முதலிடம், த. கலைமணி!"

அவனுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது மேடையிலேயே நின்று சத்தம் போட்டுச் சிரித்துவிட்டான். ஒல்லி என்று துரத்திய கம்பெனி, ஒல்லியாக இருப்பதற்கே வேலை கொடுக்கிறது! கம்பெனி அதிகாரி அவன் பேரைக் கேட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

செந்தமிழன் வந்து கை கொடுத்தான்.

"ஒரே வெயிட்டுதான் தூக்கினோம் கலை."

"மாமா…"

"நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க. நானு அப்பறமா வரேன்."

கை அழுத்தமாகத்தான் இருந்தது. கண் மட்டும் கலைமணியின் சட்டையின் பக்கத் தையலில் நின்றது.

* * *

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாஞ்சாலி உப்பும் மிளகாயுமாக வாசலில் நின்றாள். உள்ளே மரகதம் அத்தை. எதிரே தாம்பாளத்தில் வெற்றிலை, பூ, பழம், சிவப்புப் புடவை. மகன் ஜெயிப்பான் என்று அவ்வளவு நம்பிக்கை.

நடந்ததைச் சசிகலாதான் சொன்னாள், ஒன்றையும் மறைக்காமல். மரகதத்தின் முகம் கறுத்தது.

"'எம்புள்ள எளச்சிகினே போறான்'னு ஊர் பூரா சொல்லிகினு திரிஞ்சியே அண்ணி. உள்ளுக்குள்ள வளத்து, எம்புள்ள எடத்துல கொண்டாந்து நிறுத்திட்டியா? அவன ஜிம்முக்கு இட்டுகினு போனதே எம்புள்ளதானே!"

"அப்டி இல்ல மரகதம்…"

"அப்ப எப்டி? அவன் ஏறிகீறானா இல்லியா? உன் வாயால சொல்லு!"

பாஞ்சாலி பழக்கத்தில் 'இல்லவே இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான் மகன். கழுத்தில் மெடல். கையைச் சும்மா தொங்கவிட்டிருந்தான். கேட்பது அத்தையாக இருந்தாலும் பதிலுக்குக் காத்திருந்தது அவன்தான். எட்டு மாதமாக இந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத ஒன்றுக்காகக் காத்திருந்தான்.

பாஞ்சாலி கையிலிருந்த உப்பையும் மிளகாயையும் கீழே போட்டாள்.

"ஏறிட்டான் மரகதம். எம்புள்ள ஒடம்பு ஏறிட்டான். யார் கண்ணு வேணா படட்டும். இனிமே எவன் கண்ணும் அவன ஒண்ணும் பண்ணாது."

மேடையில் சிரித்தவன், இங்கே குழந்தை மாதிரி அழுதான்.

மரகதம் விருட்டென்று எழுந்து தட்டைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் அவளுக்கு வழி இல்லை. செந்தமிழன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது.

"தட்ட கீழ வைம்மா."

"நீ சும்மா இரு. வேலையும் போச்சி, இதுல கல்யாணம் ஒரு கேடு!"

"வேலைய நான் தேடிக்கறேன். கலை மேல எனக்குக் கோவமில்ல, அவன் தூக்கி ஜெயிச்சான்." உள்ளே வந்தான். சசிகலாவுக்கு எதிரே நின்றான். "சசி, அவன் சட்டைய பிரிச்சிப் பிரிச்சித் தெச்சது யாரு?"

"நான்தான்."

"நான் அறுபதுல அவன் பேர குடுத்தப்பவே அவன் ஏறிகீறான்னு உனக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு பிரிவுன்னு சந்தோஷமா வந்து உங்கிட்டதான் மொதல்ல சொன்னேன். அப்பவும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அவள் அம்மாவைக் காட்டியிருக்கலாம். கண் பட்டுவிடும் என்று பயந்தோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சொல்லல. என் தம்பி ஏறட்டும்னு மட்டும்தான் நெனச்சேன். உங்கள நெனக்கல."

செந்தமிழன் அம்மாவின் பக்கம் கையை நீட்டினான். தட்டைக் கீழே வைக்கச் சொல்கிறானா, திரும்ப எடுத்துப்போகத் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறானா என்று மரகதத்துக்கே புரியவில்லை.